ஐந்து பேர், ஒரு கப்பல்: எல்லோருக்கும் ஒத்துவருமா?

வாசகி ஒருவரின் கடிதம்:

"நாங்கள் ஐந்து பேர். 71 வயது அம்மா, நான், என் கணவர், 14 வயது மகன், 34 வயது தம்பி. பல வருடம் கழித்து எல்லோரும் சேர்ந்து ஒரு பயணம் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். போன வருடம் கப்பல் சுற்றுலா போய்வந்த என் தோழி, 'ஒரு முறை போனால் வேறு எங்கேயும் போகத் தோன்றாது, இது பிடிக்காத ஆளே இல்லை' என்கிறாள். ரோமில் ஏறி, கிரீஸின் சாண்டோரினி, மைக்கோனோஸ் தீவுகள், ஏதென்ஸ், இத்தாலியின் நேப்பிள்ஸ் பார்த்துவிட்டு ரோமுக்கே திரும்பும் 7 இரவுப் பயணம் ஒன்றைக் காட்டினாள். நடுவில் இரண்டு நாள் முழுக்கக் கடலிலேயே. அம்மாவுக்கு முழங்கால் வலி. கொஞ்ச தூரம் நடப்பார், படி ஏற முடியாது, ராத்திரி ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார். கணவருக்கு மலைப்பாதையில் பஸ் ஏறினாலே வாந்தி. தம்பி ஊர் ஊராகத் தனியாகச் சுற்றுகிறவன், 'என்னைக் கப்பலில் அடைத்துவைக்காதே அக்கா' என்கிறான். மகனுக்கு எல்லாம் சம்மதம். எப்போதும் திட்டம் போடுவது நான்தான். யாராவது ஒருவர் முகம் வாடினாலும் எனக்கு அந்தப் பயணமே போச்சு. கப்பல் பயணம் நிஜமாகவே எல்லோருக்கும் ஒத்துவருமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லோருக்கும் ஒத்துவராது. உங்கள் ஐந்து பேரில் மூன்று பேருக்கு நன்றாக ஒத்துவரும், ஒருவருக்குக் கொஞ்சம் ஏற்பாடு செய்தால் ஒத்துவரும், ஒருவருக்கு ஒத்துவராது. அந்த ஒருவரை வற்புறுத்தாமல் இருந்தால் ஐந்து பேருமே சந்தோஷமாகத் திரும்பலாம். எப்படி என்று சொல்கிறேன்.

தோழி காட்டிய பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 7 இரவு என்றால் சுமார் 168 மணி நேரம். நான்கு துறைமுகங்கள். கப்பல் காலை ஏழு, எட்டு மணிக்கு வந்து மாலை ஐந்து, ஆறு மணிக்குக் கிளம்பும். ஒவ்வொன்றிலும் ஒன்பது மணி நேரம் வைத்தால் 36 மணி நேரம். இறங்குவதற்கான வரிசை, துறைமுகத்திலிருந்து ஊருக்குப் போகும் நேரம், கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும் என்ற விதி, இதையெல்லாம் கழித்தால் ஊரைப் பார்க்க உங்கள் கையில் நிற்பது 25, 26 மணி நேரம்தான். மிச்சம் 140 மணி நேரத்துக்கு மேல் கப்பலில் அல்லது கப்பலுக்கான வரிசையில் இருப்பீர்கள்.

கப்பல் பயணம் ஒருவருக்கு ஒத்துவருமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். ஊர் பார்க்கும் அந்த 26 மணி நேரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், படங்களில் வருவதும் அதுதான். பயணம் பிடித்ததா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்த 140 மணி நேரம். கடலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பது, நிதானமாகச் சாப்பிடுவது, மாலையில் ஒரு நிகழ்ச்சி, தூங்கி எழுந்தால் வேறு ஊர். இதை நினைக்கும்போதே உடம்பு தளர்ந்து ஒரு நிம்மதி வருகிறதா, அவருக்குக் கப்பல். 'அத்தனை நேரம் அங்கே என்ன செய்வது?' என்று தோன்றுகிறதா, அவருக்கு வேண்டாம்.

உங்கள் தம்பி இரண்டாவது வகை. அவர் சொல்வதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன்னைப் பற்றி அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. சந்து சந்தாக நடப்பவர்களுக்கு ஒரு ஊரின் காலையும் இரவும்தான் முக்கியம். கப்பல் தருவதோ நண்பகல். மற்ற கப்பல்களின் கூட்டமும் அதே நேரத்தில்தான் இறங்கும். சில வருடங்களுக்கு முன் புகைப்படம் எடுப்பதில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ஒருவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். நானும் மகிழ்ச்சியாக ஒரு கப்பல் பயணத்துக்கு அனுப்பிவைத்தேன். திரும்பி வந்து அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "தினமும் சாயங்கால வெளிச்சம் அழகாக விழ ஆரம்பிக்கும்போது கப்பல் கிளம்பிவிடும்." அவர் கேட்டதெல்லாம் அதிகாலையும் அந்தி வேளையும்தான். நான் அவரிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அதிலிருந்துதான் ஒவ்வொருவரிடமும் 'ஒரு ஊரில் உங்களுக்குப் பிடித்த நேரம் எது?' என்று கேட்கப் பழகினேன்.

ஆனால் தம்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. தோழி 'ரோம்' என்று சொன்னாரே, அங்கே ஒரு விஷயம் இருக்கிறது. கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா என்ற துறைமுகத்தில். ரோம் அங்கிருந்து சாலை வழியில் சுமார் 80 கிலோமீட்டர். விமானத்திலிருந்து இறங்கி நேரே கப்பல் ஏறினால் ரோமைப் பார்க்காமலே ரோம் பயணம் முடிந்துவிடும். (விளம்பரங்களில் இது வழக்கம். 'பாரிஸ்' என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது லே ஹாவ்ர் துறைமுகத்தில், பாரிஸிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். 'பெர்லின்' என்றால் வார்னெமுண்டே, அது இன்னும் தூரம். பேருந்திலேயே நாள் போய்விடும்.) அதனால் இரண்டு நாள் முன்பே போய் ரோமில் ஐந்து பேரும் சேர்ந்து தங்குங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது என்பதால் எப்படியும் ஒரு நாளாவது முன்கூட்டிப் போய்த்தான் ஆக வேண்டும்.

பிறகு நீங்கள் நால்வரும் கப்பலேறுங்கள். தம்பி அந்த நாட்களில் தன் இஷ்டப்படி இத்தாலியைச் சுற்றட்டும். கப்பல் நேப்பிள்ஸ் வரும் நாளில் அவர் ரயிலில் அங்கே வந்துவிடலாம். நேப்பிள்ஸ் துறைமுகம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது, இறங்கி நடந்தால் ஊர்தான். இரண்டு நாள் முன்பே அவர் அங்கே வந்து தங்கியிருந்தால், உங்களுக்கு அந்த ஊரைக் காட்டுகிறவரே அவராக இருப்பார். கடைசியில் ரோமில் மறுபடி எல்லோரும் ஒன்றாகலாம். சேர்ந்து போகும் பயணத்தில் ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று யாரும் விதி போடவில்லையே.

அடுத்து அம்மா. பெட்டியை ஒரே முறை பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டு, அதே கட்டிலில் ஏழு இரவும் தூங்கி, நான்கு ஊர்களைப் பார்க்க வேறு வழியே இல்லை. இந்தக் கப்பல் இல்லாமல் நாமாகவே இதே இடங்களுக்குப் போனால் எத்தனை ஹோட்டல், எத்தனை முறை பெட்டி தூக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். களைப்பாக இருக்கும் நாளில் அவர் இறங்காமலே இருக்கலாம். கூட்டமெல்லாம் ஊருக்குள் போயிருக்கும்போது மேல் டெக்கில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைப் போல அமைதியான பொழுது கப்பலில் வேறு கிடையாது. அம்மாவைத் தனியே விட்டுவிட்டோமே என்று அன்றைக்கு நீங்கள் வருந்தவும் வேண்டாம்.

ஆனால் அவருக்கு இரண்டு சிரமங்கள் வரும், இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது சாண்டோரினி. அங்கே பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாது. கரையிலிருந்து தள்ளி நின்று, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். இந்தப் படகுக்கு 'டெண்டர்' என்று பெயர். கப்பலின் அடித்தளத்திலிருந்து அசைகிற படகுக்குள் கால் எடுத்து வைக்க வேண்டும். ஊழியர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், என்றாலும் அந்த ஒரு எட்டு நாம்தான் வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களைப் பல சமயம் அனுமதிக்கவே மாட்டார்கள். கரைக்குப் போன பிறகும் ஊர் மலை உச்சியில் இருக்கிறது. ஏற கேபிள் கார் உண்டு, இல்லாவிட்டால் சுமார் 600 படிகள். ஒரே நாளில் மூன்று நான்கு கப்பல்கள் வந்துவிட்டால் கேபிள் காருக்கு நிற்கும் வரிசையே ஒரு மணி நேரத்தைத் தாண்டும், மாலையில் இறங்கும்போதும் அதே கதை. அம்மா அன்று கப்பலிலேயே இருக்கட்டும் என்பது என் யோசனை. எரிமலை வெடித்து உண்டான அந்தச் செங்குத்துப் பாறைகளும் உச்சியில் வெள்ளை வீடுகளும் கப்பலிலிருந்து பார்க்கவும் கம்பீரமாகத்தான் இருக்கும். ஏதென்ஸில் கப்பல் பிரேயஸ் துறைமுகத்தில் நிற்கும், பழங்காலக் கோயில் இருக்கும் அக்ரோபோலிஸ் குன்று அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் மேலே ஏறுவது வழுக்கும் பளிங்குக் கல் பாதை. கீழே இருக்கும் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் போதும் அவருக்கு. உள்ளே லிஃப்ட் இருக்கிறது, அங்கிருந்தே மேலே கோயிலைப் பார்க்கலாம்.

இரண்டாவது சிரமம் கப்பலுக்குள்ளேயே நடக்க வேண்டிய தூரம். இதை யாரும் சொல்வதில்லை. பெரிய கப்பல்கள் 300 மீட்டருக்கு மேல் நீளம். 2024இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 365 மீட்டர், அதில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கும் திரும்பவும் மூன்று வேளை நடந்தாலே முழங்கால் வலிக்கும். லிஃப்டுக்குப் பக்கத்தில் கேபின் கேளுங்கள். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கென்று அகலமான கதவும், தரை மட்டத்தில் குளியலிடமும், கைப்பிடிகளும் உள்ள கேபின்கள் ஒவ்வொரு கப்பலிலும் சில உண்டு. அவை முதலில் தீர்ந்துவிடும். அம்மாவின் நிலையைச் சொல்லி, கிடைக்குமா என்று முன்பதிவின்போதே விசாரியுங்கள். சாதாரணக் கேபின்களில் குளியலறை வாசலில் ஒரு உயரமான விளிம்பு இருக்கும், ராத்திரித் தூக்கத்தில் எழுந்து போகும்போது தடுக்கும்.

மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். கப்பலில் மருத்துவரும் செவிலியர்களும் இருப்பார்கள், ஆனால் அது மருத்துவமனை அல்ல. முதலுதவியும் அவசர சிகிச்சையும் செய்து, பெரிய பிரச்சினை என்றால் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கான கட்டணம் உங்கள் கேபின் கணக்கில் ஏறும், தொகை பெரிதாகவே இருக்கும். அதனால் கப்பலிலிருந்து அவசரமாக வெளியேற்றும் செலவையும், ஏற்கெனவே இருக்கும் நோய்களையும் சேர்த்துக் காக்கும் பயணக் காப்பீடு இல்லாமல் 71 வயதில் ஏறவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கணவர் விஷயத்துக்கு வருவோம். மலைப்பாதை பஸ்ஸும் பெரிய கப்பலும் ஒன்றல்ல. பஸ் குலுங்கித் திரும்புகிறது, கப்பல் மெல்ல ஆடுகிறது. இப்போதைய கப்பல்களின் இரு பக்கமும் நீருக்கடியில் இறக்கை போன்ற ஸ்டெபிலைசர்கள் இருக்கும், பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு அடக்கிவிடும். கடல் அமைதியாக இருந்தால் கப்பல் நகர்வதே தெரியாது. ஆனால் பஸ்ஸில் வாந்தி எடுப்பவருக்குக் கடலிலும் குமட்டல் வர வாய்ப்பு உண்டுதான். இதில் கேபின் இருக்கும் இடம் முக்கியம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் ஆட்டம் மிகக் குறைவு. மூக்குப் பக்கமும் உச்சித் தளங்களும்தான் அதிகம் ஆடும். காசு கூடக் கொடுத்து உச்சியில் பால்கனி எடுத்துவிட்டு அவதிப்படுகிறவர்கள் நிறையப் பேர். அதற்காக ஜன்னலே இல்லாத உள்கேபினும் அவருக்கு வேண்டாம். தலை சுற்றும்போது தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நிஜமாகவே உதவும். நடுவில், கீழ் டெக்கில், ஜன்னல் உள்ள கேபின். மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் முன்பே கேட்டு, கிளம்புவதற்கு ஒரு நாள் முன் வீட்டிலேயே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சிலருக்கு அது முழு நாளும் தூக்கத்தைத் தரும். குமட்டல் வந்த பிறகு போடும் மாத்திரை சரியாக வேலை செய்யாது.

எந்த மாதம் போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஜூலை, ஆகஸ்ட் என்றால் மாற்றுங்கள். அந்தக் கிரீஸ் தீவுகள் இருக்கும் ஏஜியன் கடலில் அந்த மாதங்களில் மெல்டெமி என்ற வடகாற்று பலமாக வீசும். கணவருக்கும் கஷ்டம், சாண்டோரினியில் டெண்டர் படகு ஓட்ட முடியாமல் அந்த ஊரையே விட்டுவிட்டுப் போகவும் நேரிடலாம். பாதுகாப்பு கருதி ஊர்களை மாற்றவும் விடவும் கப்பல் தலைவருக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். துறைமுகக் கட்டணம் தவிர பெரிதாக எதுவும் திரும்பி வராது. வெயிலும் கூட்டமும் வேறு. மே கடைசி, இல்லாவிட்டால் செப்டம்பர் பிற்பாதி நல்லது. மகனுக்குப் பள்ளி விடுமுறை ஒத்துவராவிட்டால் ஜூன் முதல் வாரமாவது பாருங்கள். அப்படியும் கணவருக்குத் தயக்கம் இருந்தால், முதலில் இரண்டு மூன்று இரவு மட்டும் போகும் குட்டிப் பயணம் ஒன்றை நீங்கள் இருவரும் முயன்று பார்த்துவிட்டுப் பெரிய பயணத்துக்குப் பணம் கட்டலாம். ஏழு நாள் தவிப்பதைவிட இரண்டு நாள் சோதனை மேல்.

ஆற்றுக் கப்பல் என்று ஒன்றும் இருக்கிறது. டானூப், ரைன் போன்ற ஆறுகளில் இருநூறு பேருக்கும் குறைவாக ஏற்றிக்கொண்டு போகும், அலையே கிடையாது, பெரும்பாலும் ஊர் நடுவிலேயே நிற்கும். கணவரையும் தம்பியையும் மட்டும் பார்த்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதில் லிஃப்ட் எல்லாத் தளங்களுக்கும் போகாது, ஒரு கப்பலைத் தாண்டி இன்னொரு கப்பலுக்குள் நடந்து கரையேற வேண்டிய நாட்களும் உண்டு. அம்மாவுக்குக் கஷ்டம். மகனுக்கு அங்கே தன் வயதில் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

மகனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கப்பல்களில் பதின்ம வயதுக்காரர்களுக்குத் தனி இடமே உண்டு. முதல் நாள் கூச்சத்தோடு போவான், மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் உங்கள் கண்ணில் படுவான். கைபேசியை மட்டும் ஏறியவுடன் 'ஏரோபிளேன் மோடு'க்கு மாற்றச் சொல்லுங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் தானாகச் சேர்ந்துகொண்டால் ரோமிங் கட்டணம் திகைக்க வைக்கும்.

பணக் கணக்கையும் போட்டுவிடுங்கள். விளம்பரத்தில் இருப்பது கட்டில், சாப்பாடு, நிகழ்ச்சிகளுக்கான விலை. துறைமுக வரிகள், தலைக்கு இத்தனை என்று தினமும் சேரும் டிப்ஸ், பானங்கள், வைஃபை, கரையில் சுற்றிக்காட்டும் கட்டணம் எல்லாம் மேலே வரும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு மாதிரி. முன்பதிவுக்கு முன் எது சேர்ந்தது, எது சேராதது என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் கரைச் சுற்றுலா விலை அதிகம்தான். ஆனால் அதில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு அவர்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும். நேப்பிள்ஸில் தம்பியோடு சுற்றும்போது இது நினைவிருக்கட்டும்.

விசாவைப் பொறுத்தவரை, கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன தேவை என்று தனித்தனியாகப் பாருங்கள். இறங்கப் போவதில்லை என்றாலும் சில நாடுகள் கேட்கும். தோழியின் திட்டத்தில் இத்தாலியும் கிரீஸும் மட்டும்தான், இரண்டும் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகள். பாதையில் துருக்கித் துறைமுகம் ஒன்றைச் சேர்த்த பயணமாக இருந்தால் கணக்கு மாறும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரில் இந்தப் பயணம் அதிகம் தேவைப்படுவது உங்களுக்குத்தான். எப்போதும் நீங்கள்தான் திட்டம் போடுகிறீர்கள், யார் முகம் வாடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். அடுத்த வேளை எங்கே சாப்பிடுவது, எந்த வண்டி பிடிப்பது, அம்மா எங்கே உட்கார்வார் என்ற கவலையெல்லாம் ஏழு நாளைக்கு வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள். இப்படித் திட்டம் போட்டே ஓய்ந்துபோனவர்கள் பலரை அனுப்பியிருக்கிறேன், மூன்றாம் நாள் காலையில்தான் தோள் இறங்கியது என்று சொல்வார்கள். உங்கள் முகத்தையும் யாராவது பார்க்கட்டும்.

தோழியிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள், அவருக்குப் பிடித்தது எந்த ஊர் என்று. 'ஊரா? கப்பல்தான்' என்று சொன்னால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

கேபின் எண்ணை உறுதி செய்யும் முன் டெக் வரைபடத்தை வாங்கி, உங்கள் கேபினுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல்குளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே நாடக அரங்கு இருந்தால் நள்ளிரவு வரை பாட்டு. மேலும் கீழும் கேபின்களே இருக்கும் தளமாகத் தேர்ந்தெடுங்கள். அம்மா ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்களே.